சீனாய் மலை எங்கே? பாளயங்களை வரைபடத்தில் குறிக்க நான்கு வழிகள்

வேத பாட வகுப்பு எடுப்பவர்களும் எகிப்து, யோர்தான் பக்கம் புனிதப் பயணம் திட்டமிடுபவர்களும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வேதாகமத்தின் கடைசிப் பக்க வரைபடம் சீனாய் மலையை எகிப்தின் சீனாய்த் தீபகற்பத்துக்குள், தெற்கே காட்டுகிறது. யூடியூபில் ஒருவர் அது சவுதி அரேபியாவில் இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறார். பழைய விளக்கவுரை ஒன்றைத் திறந்தால் மத்தியதரைக் கடலோரமாகக் கோடு போகிறது. மூன்றையும் பார்த்துவிட்டு, எதை எடுத்துக்கொள்வது என்று கேட்கிறார்கள்.

எண்ணாகமம் 33-ம் அதிகாரம் எகிப்தின் ராமசேஸ் தொடங்கி மோவாபின் சமவெளி வரைக்கும் இஸ்ரவேலர் பாளயமிறங்கிய இடங்களை வரிசையாகச் சொல்கிறது. 42 என்று எண்ணுவது வழக்கம். அவற்றில் பல, பெயராக மட்டுமே நிற்பவை. ரித்மா, லிப்னா, ரீசா என்று வாசித்துக்கொண்டே போகிறோம். அங்கே என்ன நடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்று ஒரு வரியும் கிடையாது. ஆகவே எந்த வரைபடமாக இருந்தாலும் அதில் பாதிக்கு மேல் ஒருவருடைய தேர்வுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையிலிருந்து தொடங்கக் கூடாது. மலையை முதலில் முடிவு செய்துவிட்டால், மற்ற பாளயங்களை அதை நோக்கி இழுக்க ஆரம்பித்துவிடுவோம். நன்றாகத் தெரிந்த இடங்களில் காலை ஊன்றிக்கொண்டு மலையைத் தேடிப் போக வேண்டும். அப்புறம், ஒரு வழியை எடுத்தால் முழுதாக எடுக்க வேண்டும். மாரா என்ற பாளயத்தை ஒருவரிடமிருந்தும் மலையை இன்னொருவரிடமிருந்தும் எடுத்து ஒட்டினால் நடக்க முடியாத ஒரு பாதைதான் வரும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், பதினொரு நாள். ஓரேபிலிருந்து (சீனாய் மலையின் இன்னொரு பெயர்) சேயீர் மலைவழியாய்க் காதேஸ்பர்னேயாவுக்குப் பதினொரு நாள் பிரயாணம் என்று உபாகமம் 1:2 சொல்கிறது. மலைக்கு வேதத்திலேயே கிடைக்கும் தெளிவான தூரக் கணக்கு இதுதான். பாலைவனத்தில் சுமையோடு போகும் பயணிகள் நாளுக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் நடப்பார்கள் என்று வைத்துக்கொண்டால் 275 முதல் 330 கிலோமீட்டர் வரும். ஆடுமாடும் குழந்தைகளுமாகப் போனால் இன்னும் குறையும்.

இரண்டாவது, வரிசை. கடலைக் கடப்பதற்கு முன் ராமசேஸ், சுக்கோத், ஏத்தாம், அப்புறம் மிக்தோலுக்கு எதிரே ஒரு பாளயம், அவ்வளவுதான். கடந்தபின் மூன்று நாள் நடந்து, தண்ணீர் கசந்த மாரா, பிறகு ஏலிம். அதற்கடுத்துத் திரும்பவும் கடலோரத்தில் ஒரு பாளயம் (33:10). இந்தப் பத்தாம் வசனத்தைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். ஒரு வழி நிற்குமா விழுமா என்பதைக் காட்டிக்கொடுக்கும் வசனம் அது.

மூன்றாவது, தண்ணீர். நான்காவது, அந்த இடத்தை அந்தப் பெயரோடு எப்போதிலிருந்து மக்கள் அடையாளம் காட்டுகிறார்கள் என்பது. ஐந்தாவதுதான் வெளியே தெரியாத செலவு: ஓர் இடத்தை ஏற்றுக்கொள்வதற்காக வேறு எந்த இடத்தை நகர்த்த வேண்டும், எந்த வசனத்தை வளைக்க வேண்டும்?

இரண்டு விஷயங்களை அளவுகோலாக வைக்க வேண்டாம். ஆறு லட்சத்துக்கு மேல் ஆண்கள் என்ற எண்ணிக்கைக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடிய ஊற்று நான்கு வழியிலும் கிடையாது. அந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது என்பது தனிக் கேள்வி; வழிகளைப் பிரித்துக் காட்ட அது உதவாது. அதேபோல, கி.மு. 13-ம் நூற்றாண்டு இஸ்ரவேலருடைய பாளயம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் அகழாய்வு எங்குமே எடுத்துத் தரவில்லை. கூடாரத்தில் இருந்து நகர்ந்துபோனவர்கள் மண்ணில் விட்டுவைப்பது மிகக் குறைவு. இந்தக் குறை எல்லா வழிக்கும் பொது.

## காலை ஊன்ற எங்கே இடம்

ராமசேஸ் இன்று எகிப்தின் கிழக்கு டெல்டாவில் உள்ள கந்தீர் என்ற ஊர்ப்பகுதி. இரண்டாம் ராம்செஸ் கட்டிய தலைநகரம் அங்கேதான் இருந்தது. நைல் நதியின் அந்தக் கிளை தூர்ந்துபோனபோது சிலைகளையும் கற்களையும் வடக்கே தானிஸுக்குக் கொண்டுபோனார்கள். அவற்றை அங்கே கண்ட முந்தைய தலைமுறை ஆய்வாளர்கள் தானிஸ்தான் ராமசேஸ் என்று நம்பினார்கள். உங்கள் கையில் உள்ள வரைபடம் ராமசேஸைத் தானிஸில் போட்டிருந்தால் அது பழைய வரைபடம் என்று தெரிந்துகொள்ளலாம். சுக்கோத் அதற்குத் தெற்கே, வாதி துமிலாத் என்ற பள்ளத்தாக்கில்.

மறுமுனையில் பூனோன் இருக்கிறது. யோர்தானின் ஃபெய்னான், பழங்காலச் செம்புச் சுரங்கங்கள் நிறைந்த இடம். தீபோன் என்பது திபான். மோவாபின் ராஜா மேசாவின் கல்வெட்டு 1868-ல் கிடைத்த ஊர். இவற்றில் பெரிய சண்டை இல்லை.

நடுவில் இருக்கும் முக்கியமான ஊன்றுகோல் காதேஸ், அதாவது காதேஸ்பர்னேயா. அதையே ஒரு காலத்தில் ஆளுக்கொரு இடத்தில் வைத்திருந்தார்கள். ஆதிச் சபைக் காலத்து எழுத்தாளர் யூசேபியு அதைப் பெத்ராவோடு சேர்த்துச் சொன்னார். 1838-ல் அமெரிக்கர் எட்வர்ட் ராபின்சன் அரபாப் பள்ளத்தாக்கின் ஓர் ஊற்றைக் காட்டினார். 1842-ல் ஜான் ரோலண்ட்ஸ் என்ற போதகர் ஐன் கதீஸ் என்ற ஊற்றைக் கண்டார். பெயர் அப்படியே இருக்கிறது, இனி என்ன வேண்டும் என்று பலர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். 1881-ல் அங்கே போன டிரம்புல் என்பவர் அதைப் பசுமை கொழிக்கும் சோலையாக வர்ணித்தார். 1914 ஜனவரியில் லியனார்ட் வூலியும், பிற்பாடு அரேபிய லாரன்ஸ் என்று பெயர் பெற்ற டி.இ. லாரன்சும் போய்ப் பார்த்தபோது அங்கே இருந்தது ஒரு சின்ன ஊற்று. சில குடும்பங்களுக்குப் போதும், ஒரு ஜனக்கூட்டத்துக்குப் போதாது. அங்கிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டரில் ஐன் அல்-குதைராத் இருக்கிறது. வடக்குச் சீனாயிலேயே வளமான ஊற்று அது. வருஷம் முழுக்க ஓடையாக ஓடி வயல்களுக்குப் பாய்கிறது. அதன் கரையில் உள்ள மேட்டை 1956-ல் மோஷே தோத்தானும், 1976 முதல் 1982 வரை ருடால்ஃப் கோஹனும் தோண்டினார்கள். யூதாவின் ராஜாக்கள் காலத்துக் கோட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைத்தன. மோசே காலத்துக் கட்டடம் எதுவும் இல்லை. ஆனாலும் யூதாவின் தெற்கு எல்லையில், தண்ணீர் நிற்காத ஓர் ஊற்றோடு இருந்தாக வேண்டிய காதேஸுக்கு இதைவிடப் பொருந்தும் இடம் இல்லை. பெயரை விடத் தண்ணீரை நம்பியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கீழே எல்லாத் தூரங்களும் இந்த ஐன் அல்-குதைராத்திலிருந்துதான்.

## தெற்கு வழி: ஜெபல் மூசா

சூயஸுக்குக் கிழக்கே கடந்து, கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, மலைகளுக்குள் திரும்பி, 2,285 மீட்டர் உயர ஜெபல் மூசாவை அடையும் வழி. காதேஸிலிருந்து நேர்கோட்டில் சுமார் 240 கிலோமீட்டர். பாலைவனப் பாதை நேராகப் போகாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பதினொரு நாள் கணக்கு ஒட்டிவருகிறது.

வரிசையைப் பொறுத்தவரை இந்த வழிதான் என்னை அதிகம் இழுக்கிறது. மோசேயின் கிணறுகள் என்று பெயர் பெற்ற அயூன் மூசாவிலிருந்து மூன்று நாள் நடையில் ஐன் ஹவாரா. வாயில் வைக்க முடியாத கசப்புத் தண்ணீர். 1816-ல் சுவிஸ் பயணி புர்க்ஹார்ட் இதை மாரா என்று காட்டினார். இன்னும் அரை நாள் நடந்தால் வாதி கரந்தேல். இங்கே தண்ணீரும் பேரீச்சையும் உண்டு, ஏலிமைப் போல. மழை பெய்தால் மட்டும் வெள்ளம் ஓடும் வறண்ட பள்ளத்தாக்கைத்தான் வாதி என்பார்கள். ஆனால் கரந்தேலில் கோடையிலும் ஈரம் இருக்கும். அதைத் தாண்டினால் மலைகள் கடலை நெருங்கிவந்து, பாதையை அபு செனிமா அருகே கரைக்கே தள்ளிவிடுகின்றன. பத்தாம் வசனத்தின் கடலோரப் பாளயம் யாரும் வளைக்காமல் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. அடுத்து உள்நாட்டில் எகிப்தியர் நீலப்பச்சைக் கல் தோண்டிய செராபித் அல்-காதிம்; பட்டியலில் வரும் தொப்கா அங்கேதான் என்று பலர் குறிக்கிறார்கள். பிறகு தீபகற்பத்தின் பெரிய சோலையான வாதி ஃபெய்ரான். ராஸ் சஃப்சாஃபா சிகரத்தின் அடியில் அர்-ராஹா என்ற அகன்ற சமவெளி விரிகிறது. ஜனங்கள் மலையைப் பார்த்து நின்றார்கள் என்று படிக்கும்போது மனதில் எழும் காட்சிக்கு அங்கே இடம் இருக்கிறது.

இனி செலவு. இந்த மலைக்கு நமக்குக் கிடைக்கும் சாட்சி கி.பி. 4-ம் நூற்றாண்டுத் துறவிகளிடமிருந்து தொடங்குகிறது. எகேரியா என்ற பெண் யாத்திரிகர் 380-களில் வந்து ஏறிப் பார்த்து எழுதிவைத்தார். புனித கத்தரீன் மடத்தின் கோட்டைச் சுவர் 6-ம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கட்டியது. மோசேக்கும் அந்தத் துறவிகளுக்கும் நடுவே ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. ரெவிதீம் இன்னொரு சிக்கல்: குடிக்கத் தண்ணீர் இல்லை என்று ஜனங்கள் மோசேயோடு வாதாடிய இடத்தை, தீபகற்பத்திலேயே தண்ணீர் அதிகமுள்ள ஃபெய்ரானில் எப்படி வைப்பது? சோலைக்கு முன்னாலுள்ள வறண்ட பகுதியில் வைத்து, அந்தச் சோலைக்காகவே அமலேக்கியர் சண்டைக்கு வந்தார்கள் என்று விளக்குகிறார்கள். அது பொருந்துகிறது. மோசே மேய்த்த, அவருடைய மாமனார் எத்திரோவின் ஆடுகள் வடமேற்கு அரேபியாவின் மீதியானிலிருந்து இவ்வளவு தூரம் வந்தனவா என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்தும் கேள்வி.

ஃபெய்ரான் பக்கத்திலேயே 2,070 மீட்டர் உயர ஜெபல் செர்பாலும் இருக்கிறது. 1845-ல் வந்த ஜெர்மன் எகிப்திய ஆய்வாளர் லெப்சியஸ் அதையே சீனாய் என்றார். சோலை பக்கத்தில் இருப்பது அதற்குப் பலம். அடிவாரத்தில் ஜனங்கள் நிற்கச் சமவெளி இல்லாதது பலவீனம்.

## வடக்கு வழி: கடலோரம்

கடலைக் கடந்த இடத்துக்கு அருகே வேதம் சொல்லும் பாகால்செபோனை, 1932-ல் ஜெர்மன் வேத அறிஞர் ஓட்டோ ஐஸ்ஃபெல்ட் மத்தியதரைக் கரையிலுள்ள பர்தவில் ஏரியின் மணல்திட்டில் இருந்த கோவிலோடு இணைத்தார். இதை ஏற்றால் கடந்த கடல் அந்த ஏரி. மலைக்கு, 1920-களிலும் 30-களிலும் சீனாயை நிர்வகித்த பிரிட்டிஷ் அதிகாரி ஜார்விஸ் ஜெபல் ஹிலாலைக் காட்டினார். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு இறைச்சியாகக் கிடைத்த காடைகள் அவருக்கு முக்கியமான ஆதாரம். ஐரோப்பாவிலிருந்து கடல் தாண்டிவரும் காடைகள் சோர்ந்து இந்தக் கரையில் விழ, எல்-அரிஷ் பக்கத்து மக்கள் வலை கட்டிப் பிடிப்பார்கள்.

பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் அந்த வேட்டை நடப்பது இலையுதிர் காலத்தில். யாத்திராகமத்திலும் எண்ணாகமத்திலும் காடைகள் வரும் சமயம் இரண்டாம் மாதத்தை ஒட்டியது, அது வசந்தம். தூரமும் ஒத்துவரவில்லை: ஜெபல் ஹிலாலிலிருந்து காதேஸ் 40 கிலோமீட்டர்தான், இரண்டே நாள் நடை. எல்லாவற்றுக்கும் மேலாக, பெலிஸ்தரின் தேசவழி சமீபமாயிருந்தும் தேவன் அந்த வழியாய் நடத்தவில்லை என்று யாத்திராகமம் 13:17 சொல்கிறது. அந்தச் சாலை முழுக்க எகிப்தின் கோட்டைகள் இருந்ததை கர்னாக் கோவிலில் உள்ள பார்வோன் முதலாம் சேத்தியின் சிற்பங்களும் பிற்கால அகழாய்வுகளும் காட்டுகின்றன. தப்பி ஓடுகிறவர்கள் போகிற பாதை இல்லை அது. இந்த வழியை நான் தள்ளிவிடுவேன்.

## நடு வழி: சின் பிஷர், ஹர் கர்கோம்

இரண்டு மலைகளையும் பலர் ஒரே கூடையில் போடுகிறார்கள், ஆனால் இரண்டும் வேறு வேறு. சூயஸுக்குத் தென்கிழக்கே உள்ள சின் பிஷரை இஸ்ரேலியப் புவியியலாளர் மெனாஷே ஹர்-எல் முன்வைத்தார். பலியிட மூன்றுநாள் பிரயாணம் போக வேண்டும் என்று மோசே பார்வோனிடம் கேட்டதற்கு இது பொருந்துகிறது. காதேஸுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 175 கிலோமீட்டர். ஆடுமாடுகளோடு மெதுவாகப் போகும் கூட்டத்துக்குப் பதினொரு நாள் சரியாகவே வரும். ஆனால் பழைய சாட்சி எதுவும் இல்லை. இது சீனாய் என்று யாரும் அங்கே போனதாகவோ வணங்கியதாகவோ எந்தத் தடமும் கிடையாது.

ஹர் கர்கோம் நெகேவில், எகிப்து எல்லைக்குப் பக்கம். இத்தாலிய ஆய்வாளர் இம்மானுவேல் அனாத்தி 1980-களில் முன்வைத்தது. பாறை ஓவியங்கள், வழிபாட்டுக் கற்கள், பழங்குடியிருப்புகள் என்று கண்ணால் பார்க்க எடுப்பான சான்றுகள் நிறைய. அது பல நூற்றாண்டுகள் புனிதமாக இருந்த மலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே கிடைத்தவை பெரும்பாலும் கி.மு. மூன்றாம் ஆயிரத்தைச் சேர்ந்தவை. அவற்றை மோசேயோடு இணைக்க வேண்டுமானால் யாத்திரையின் காலத்தையே பல நூறு வருஷம் பின்னுக்குத் தள்ள வேண்டும். அனாத்தி அதைத்தான் செய்தார். காதேஸுக்கோ 50 கிலோமீட்டர்தான். விலை அதிகம்.

## அரேபிய வழி: மீதியான்

இதற்கு இப்போது ஆதரவு பெருகியிருக்கிறது. அதனால் இதன் இரண்டு வடிவங்களைப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முதல் வடிவம் நுவெய்பா கரையில் அக்காபா வளைகுடாவைக் கடந்ததாகச் சொல்லி, ஜெபல் அல்-லவ்ஸை மலையாக்குகிறது. சிகரம் கறுத்திருப்பது, பிளந்த பெரும்பாறை, அரசு போட்ட வேலி, கடலடியில் ரதச் சக்கரங்கள் என்று வீடியோக்கள் வரிசைப்படுத்துகின்றன. கறுப்பு நிறம் அந்தப் பாறையின் இயல்பான நிறம். பழைய பாறைச் செதுக்கல்கள் உள்ள இடங்களுக்கு வேலி போடுவது சவுதி தொல்லியல் துறையின் வழக்கம். சக்கரங்களில் ஒன்றைக்கூடக் கரையேற்றி, காலம் கணித்து, ஆய்விதழில் யாரும் வெளியிடவில்லை. வளைகுடா அங்கே 700 மீட்டருக்கு மேல் ஆழம். இதையெல்லாம் விட்டாலும் வரிசையில் விழும் ஓட்டை பெரிது. சுக்கோத் பகுதியிலிருந்து நுவெய்பா நேர்கோட்டிலேயே 300 கிலோமீட்டர். எண்ணாகமம் அந்த இடைவெளிக்குக் கொடுப்பது ஏத்தாமும் மிக்தோலுக்கு எதிரே உள்ள பாளயமும் மட்டும். பட்டியல் வேறு இடத்திலும் தாவுகிறது என்பது உண்மை. அக்காபா முனையிலிருந்த எசியோன்கேபேரிலிருந்து காதேஸ் சுமார் 135 கிலோமீட்டர். நடுவே ஒரு பெயரும் இல்லை. ஆனால் பார்வோனின் ரதங்கள் துரத்திவரும்போது 300 கிலோமீட்டர் ஓடி முடித்தார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது வடிவத்தை மதிக்க வேண்டும். சூயஸ் பக்கம் கடலைக் கடந்து, பிற்காலத்தில் ஹஜ் யாத்திரிகர்கள் நடந்த பாதை வழியே சீனாயைக் குறுக்காகத் தாண்டி, அக்காபா முனையைச் சுற்றி மீதியானுக்குப் போவது. ஹார்வர்டின் ஃபிராங்க் மூர் கிராஸ் போன்ற பெரிய அறிஞர் மலை மீதியானில்தான் இருந்திருக்க வேண்டும் என்றார். மோசே எத்திரோவின் ஆடுகளை மேய்த்தது, சீனாய்மலை அரபிதேசத்திலுள்ளது என்று பவுல் எழுதியது எல்லாம் இதற்குச் சாதகம்; பவுல் காலத்தில் சீனாய்த் தீபகற்பத்தையும் அரபிதேசம் என்றே சொன்னார்கள் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கடலோரப் பாளயம் அக்காபா முனையில் பொருந்திவிடுகிறது. தூரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது: ஜெபல் அல்-லவ்ஸிலிருந்து அக்காபா முனை வழியாகக் காதேஸ் ஏறக்குறைய 240 கிலோமீட்டர், ஜெபல் மூசாவுக்கு உள்ள அதே தூரம். பதினொரு நாள் வசனத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. எரிமலையாக இருந்ததால் சிலர் விரும்பும் ஹலா அல்-பத்ர் மட்டும் 470 கிலோமீட்டரைத் தொட்டு விழுந்துவிடுகிறது.

திம்னாவையும் இங்கே சொல்ல வேண்டும். அக்காபாவுக்கு வடக்கே உள்ள இந்தச் செம்புச் சுரங்கத்தில், எகிப்தியர் விட்டுப்போன ஹாத்தோர் என்ற பெண்தெய்வத்தின் கோவிலை மீதியானியர் கூடாரக் கோவிலாக மாற்றியிருந்ததை பென்னோ ரோத்தன்பர்க் 1969-ல் தோண்டியெடுத்தார். உள்ளே தலையில் பொன் பூசிய செம்புப் பாம்பு. எண்ணாகமத்தின் வெண்கலச் சர்ப்பம் பூனோனை ஒட்டிய கட்டத்தில் வருகிறது. அதுவும் செம்புச் சுரங்க நாடு. இது எந்த மலையையும் நிரூபிக்கவில்லை. ஆனால் மீதியானை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைப் புரிந்துகொள்ள முடியாது என்பதைக் காட்டுகிறது.

## ஒரே பார்வையில்

| வழி | காதேஸுக்குத் தூரம் | பத்தாம் வசனக் கடலோரம் | பழைய சாட்சி | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| தெற்கு (ஜெபல் மூசா) | 240 கி.மீ., பொருந்தும் | அபு செனிமாவில் இயல்பாக | கி.பி. 4-ம் நூற்றாண்டு | மீதியான் தள்ளிப்போகும் |
| வடக்கு (ஜெபல் ஹிலால்) | 40 கி.மீ., பொருந்தாது | பொருந்தும் | மலைக்கு இல்லை | யாத்திராகமம் 13:17-ஐ விட வேண்டும் |
| நடு (சின் பிஷர்) | 175 கி.மீ., மெதுநடையில் பொருந்தும் | சூயஸ் கரையில் சாத்தியம் | இல்லை | ஆதாரம் தூரம் மட்டுமே |
| நடு (ஹர் கர்கோம்) | 50 கி.மீ., பொருந்தாது | சிரமம் | மிகப் பழைய வழிபாட்டுத் தடம் | யாத்திரைக் காலத்தையே மாற்ற வேண்டும் |
| அரேபியா (அல்-லவ்ஸ், அக்காபா முனை வழி) | 240 கி.மீ., பொருந்தும் | அக்காபா முனையில் | மீதியான் மரபு | மாரா, ஏலிமுக்குப் புது இடம் தேட வேண்டும் |

## யாருக்கு எது

ஞாயிறு பள்ளிக்கோ வேத பாடத்துக்கோ சுவர் வரைபடம் வரைகிறவர்கள் தெற்கு வழியை எடுங்கள். மாராவிலிருந்து கடலோரம் வரை பட்டியலோடு படிப்படியாக ஒத்துப்போகும் வழி அது ஒன்றுதான். ராமசேஸ், சுக்கோத், காதேஸ், பூனோன், தீபோன் ஆகியவற்றை அடர்ந்த புள்ளியாக வையுங்கள். மலையையும் அதற்கு முந்தின மற்ற பாளயங்களையும் வெற்று வட்டமாக வையுங்கள். ரித்மா, லிப்னா மாதிரிப் பெயர்களை வரைபடத்தில் குறிக்கவே வேண்டாம், ஓரத்தில் பட்டியலாக எழுதினால் போதும். மாணவர் யாராவது அரேபியாவைப் பற்றிக் கேட்டால் அக்காபா முனை வழியைப் புள்ளிக்கோடாக வரைந்து காட்டுங்கள். மழுப்ப வேண்டியதில்லை, கேள்வி நியாயமானது.

யாத்திராகமம் முதல் அதிகாரங்களை ஆழமாகப் படிக்கிறவர்கள், மோசேயின் மீதியான் வாழ்க்கையே முக்கியம் என்று நினைப்பவர்கள், இரண்டாவது அரேபிய வடிவத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சக்கரங்களையும் கறுத்த சிகரத்தையும் ஆதாரமாக வைக்காதீர்கள். நல்ல வாதத்தை அவை கெடுத்துவிடும்.

பயணம் போகிறவர்களுக்குக் கேள்வியே வேறு. ஐன் அல்-குதைராத் எகிப்தின் ராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருக்கிறது, சாதாரண சுற்றுலாவில் போக முடியாது. ஹர் கர்கோம் இஸ்ரேல் ராணுவத்தின் பயிற்சிப் பகுதிக்குள். சனிக்கிழமையும் விடுமுறை நாளும் மட்டும், அதுவும் ஜீப் இருந்தால்தான். சவுதி அரேபியா 2019 செப்டம்பரில் சுற்றுலா விசா கொடுக்கத் தொடங்கிய பிறகு ஜெபல் அல்-லவ்ஸ் பக்கம் போக முடிகிறது, ஆனால் செலவு கூடும், வழிகாட்டியும் வேண்டும். வயதானவர்களும் சேர்ந்து போகும் குழுவுக்கு ஜெபல் மூசாதான் நடைமுறைக்கு ஏற்றது. நள்ளிரவுக்கு மேல் ஏறத் தொடங்கி விடியலில் உச்சியை அடைவது அங்கே வழக்கம். டிசம்பர், ஜனவரியில் பனி பெய்யும், நம் ஊர்க் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டர் அங்கே தாங்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் ஒட்டகப் பாதையில் பெரும்பகுதியைக் கடக்கலாம், ஆனால் கடைசியில் உள்ள படிகளை எல்லோரும் நடந்தேதான் ஏற வேண்டும். மடத்தைக் காலையில் சில மணி நேரம் மட்டுமே திறக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஆர்த்தடாக்ஸ் பண்டிகை நாட்களும் மூடியிருக்கும். ஆகவே தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

பெரும்பாலான குழுக்கள் கெய்ரோவிலிருந்து இரவோடு இரவாக மலைக்கு ஓடிவிடுகின்றன. முகவரிடம் பேசி, கரந்தேலிலும் ஃபெய்ரானிலும் பகலில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். யோர்தானும் திட்டத்தில் இருந்தால் ஃபெய்னானுக்கு ஒரு நாள் கேளுங்கள். 42 பாளயங்களில் சந்தேகம் இல்லாமல் கால் வைக்கக்கூடிய சில இடங்களில் அது ஒன்று.